பழைய கார் குத்துகிறதா, ஆடுகிறதா? சஸ்பென்ஷன் கோளாறைப் பிரித்தறிய ஓர் எளிய விளக்கம்

சில வருடங்கள் ஓடிய காரில் பயணம் முரட்டுத்தனமாக மாறியதும் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "ஷாக் போயிடுச்சு." காரின் சொந்தக்காரர் சொல்வார், பக்கத்தில் உட்கார்ந்து வருபவர் சொல்வார், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காத மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றுவார்கள். வண்டி வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் பழையபடியே இடுப்பில் இடிக்கும். சில சமயம் முன்பைவிடக் கூடுதலாகவே இடிக்கும்.

இப்படி நடப்பதற்குப் புதிய பாகத்தின் தரம் மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் கோளாறைக் கணித்ததிலேயே பிழை. தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் வண்டியை விறைப்பாக்குவதில்லை, தளர்த்திவிடுகிறது. குத்தல் வேறு இடங்களிலிருந்து வருகிறது, அல்லது ஷாக் தளர்ந்ததன் பின்விளைவாகச் சுற்றுவழியில் வருகிறது. இது எப்படி என்று புரிந்துகொண்டால், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதைவிட முக்கியமான ஒன்று தெரியவரும்: எதை மாற்றத் தேவையில்லை என்பது.

எடையைத் தாங்குவது ஒன்று, ஆட்டத்தை அடக்குவது இன்னொன்று

சக்கரத்தை வண்டியின் பாடியோடு இணைத்து, அதே சமயம் அது மேலும் கீழும் நகர இடம் கொடுக்கும் மொத்த அமைப்புக்கும் சஸ்பென்ஷன் என்று பெயர். அதில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும்தான் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது உடனே நிற்காது. முன்னும் பின்னும் பலமுறை ஆடித்தான் ஓயும். உட்கார்ந்திருப்பவர் காலைத் தரையில் தேய்த்தால் சீக்கிரம் அடங்கிவிடும். காரில் ஸ்பிரிங்தான் ஊஞ்சல், ஷாக் அப்சார்பர்தான் தரையில் தேயும் கால். ஆளின் எடையை ஊஞ்சல் தாங்குகிறதே தவிர, அந்தக் கால் தாங்குவதில்லை. காரிலும் அப்படித்தான். வண்டியின் எடை முழுவதும் ஸ்பிரிங்கின் மேல் இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டுமே.

அது எப்படி அடக்குகிறது? மூடிய குழாய்க்குள் ஆயில் இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. பிஸ்டனில் சின்னஞ்சிறு துளைகளும் வால்வுகளும் உண்டு. சக்கரம் நகரும்போது ஆயில் அந்தக் குறுகிய வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போயாக வேண்டும். மெதுவாக நகர்த்தினால் எதிர்ப்பு குறைவு, வேகமாக நகர்த்தினால் எதிர்ப்பு அதிகம். ஆட்டத்தின் ஆற்றல் இந்த நெருக்கடியில் வெப்பமாக மாறி, குழாயின் வெளிப்புறம் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மோசமான சாலையில் நெடுந்தூரம் ஓடிய காரின் ஷாக் அப்சார்பர் சூடாக இருப்பது அதனால்தான். ஆயில் நுரைத்துப் போகாமல் இருக்கப் பெரும்பாலான ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும்.

சீல் தேய்ந்து ஆயில் கசிந்தாலோ, வால்வு தளர்ந்தாலோ எதிர்ப்பு குறைகிறது. அப்போது ஊஞ்சல் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

சுருக்கமாக: வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி குதித்துக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். ஷாக்கை மாற்றினால் தாழ்ந்த வண்டி நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

குத்தல் வேறு, ஆட்டம் வேறு

காரில் இரண்டு வகை அசைவு உண்டு. முதலாவது, ஸ்பிரிங்கின் மேல் பாடி முழுவதும் ஏறி இறங்குவது. சாதாரணக் கார்களில் இது நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் நடக்கும். அவ்வளவு மெதுவான அசைவு உடம்புக்குப் பெரிதாக உறுத்தாது, அதிகம் போனால் குமட்டல் வரும். இரண்டாவது, சக்கரம் மட்டும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் துடிப்பது. இது நொடிக்கு பத்து முதல் பதினைந்து முறை. ஸ்டியரிங்கிலும் தரையிலும் முதுகிலும் நாம் குத்தலாக உணர்வது இந்த வேகமான அதிர்ச்சிகளையும், இவற்றைவிடக் கூர்மையான இடிகளையும்தான்.

ஆகவே மெக்கானிக்கிடம் போகும் முன் நாமே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளலாம். பாலத்தின் இணைப்பு, சாலையில் போட்ட ஒட்டு, சின்னக் கல் போன்றவற்றில் மட்டும் வெடுக்வெடுக்கென்று குத்துகிறதா? அப்படியானால் சந்தேகம் டயர், ரப்பர் புஷ் (இரும்புக் கைகளின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்), ஸ்ட்ரட் மவுன்ட் (முன்சக்கரத் தூணின் ரப்பர்த் தலை) மீது போக வேண்டும். சிறியவற்றில் பரவாயில்லை, பெரிய பள்ளத்திலோ வேகத்தடையிலோ மட்டும் 'டொம்' என்று ஒரே இடியா? ஸ்பிரிங் தாழ்ந்திருக்கலாம், ஷாக் தளர்ந்திருக்கலாம், சக்கரம் எல்லை மீறி ஏறி மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் என்ற கட்டை பொடிந்திருக்கலாம். இடியே இல்லை, ஆனால் வேகமாகப் போகும்போது அலையலையான சாலையில் வண்டி மிதக்கிறது, வளைவில் சாய்ந்து நிமிர நேரமாகிறது, பிரேக் அடித்தால் மூக்கு குத்தி நிற்கிறதா? ஷாக் அப்சார்பரை முதலில் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி இதுதான்.

சஸ்பென்ஷனோடு சம்பந்தமில்லாத இரண்டு தொல்லைகளையும் இங்கேயே ஒதுக்கிவிடுவோம். நல்ல சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸையோ ரிம் வளைவையோ பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போதே நடுங்கினால் அது பெரும்பாலும் எஞ்சின் அல்லது அதைத் தாங்கும் மவுன்டிங் சம்பந்தப்பட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால் டயர்

சாலையைத் தொடுகிற முதல் ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்றுதான். குத்தல் புகாரோடு வரும் காரில் முதலில் பார்க்க வேண்டியதும் அதையே. செலவில்லாத சோதனை இது. அப்படியிருந்தும் இதைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள்.

வண்டிக்கான சரியான காற்றழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடித்தால் வண்டி கல்லாகிவிடும். அளவை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி என்றால் சரி. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் ஏறினாலே அழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடிவிடும்.

அடுத்தது டயரின் வயது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். சில பழைய கார்கள் குறைந்த கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். அதனால் பட்டன்கள் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேயாமல் ஆழமாகத் தெரியும், "டயர் புதுசு மாதிரி இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். பட்டன் ஆழமாக இருப்பதால் ரப்பர் மிருதுவாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பத்து வருடம் கடந்த டயரை, பார்க்க எப்படி இருந்தாலும், மாற்றிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. குத்தலைவிட அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

மூன்றாவது டயரின் அளவு. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். அழகுக்காக இதே காரில் 205/45 ஆர்17 போட்டால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் பக்கச்சுவர் சுமார் 92 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போய்விட்டது. பழைய கார் வாங்கும்போது முந்தைய உரிமையாளர் பெரிய அலாய் வீல் மாட்டியிருந்தால், குத்தலுக்கான காரணம் கண்ணெதிரிலேயே இருக்கிறது.

சுருக்கமாக: காற்றழுத்தம், டயரின் வயது, பக்கச்சுவர் உயரம் மூன்றையும் பார்த்து முடிக்கும் வரை சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டாம்.

தளர்ந்த ஷாக் எப்படி இடிக்கிறது

தேய்ந்த ஷாக் வண்டியைத் தளர்த்தத்தான் செய்யும் என்றால், ஷாக் மாற்றிய பிறகு இடி நின்றுவிட்டது என்று சிலர் சொல்கிறார்களே? அவர்கள் சொல்வதும் உண்மைதான். நடுவில் பம்ப் ஸ்டாப் என்ற சின்னப் பாகம் இருக்கிறது.

சக்கரம் மேலே ஏறுவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க வைக்கும் ரப்பர் அல்லது நுரைக் கட்டைதான் பம்ப் ஸ்டாப். நல்ல நிலையிலுள்ள காரில் பெரிய பள்ளம் வந்தால்தான் சக்கரம் அதைத் தொடும். ஷாக் தளர்ந்தால் பாடி அதிகமாக இறங்கி ஏறுகிறது. ஸ்பிரிங் வயதாகித் தாழ்ந்துவிட்டால் எல்லைக்கான தூரமே குறைந்துவிடுகிறது. அப்போது நடுத்தரப் பள்ளத்துக்கே சக்கரம் பம்ப் ஸ்டாப்பைப் போய் இடிக்கும். அந்தக் கட்டை பழைய நுரை என்றால் கையில் எடுத்தாலே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கட்டை இல்லாத இடத்தில் பிறகு மோதுவது இரும்புதான்.

புதிய ஷாக் போட்டும் இடி நிற்காத பல வண்டிகளில் கதை இதுதான்: ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு, பொடிந்த பம்ப் ஸ்டாப்பை அப்படியே திரும்ப மாட்டியிருப்பார்கள், அல்லது மாட்டாமலே விட்டிருப்பார்கள்.

இதே கதை முன்பக்கத்திலும் உண்டு. இன்றைய பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்கு ஸ்ட்ரட் இருக்கிறது. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்து, ஸ்டியரிங் திருப்பினால் தானும் சேர்ந்து திரும்பும் தூண் அது. அதன் உச்சியைப் பாடியோடு இணைக்கும் ரப்பர்த் தலைதான் ஸ்ட்ரட் மவுன்ட். அந்த ரப்பர் அமுங்கிப்போனால் ஒவ்வொரு சிறு குத்தலும் வடிகட்டாமல் பாடிக்கு வந்து சேரும். ஸ்ட்ரட்டை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். அப்போது மவுன்டையும் பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து மாற்றாமல் விட்டால், அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

யாரும் பேசாத ரப்பர் புஷ்

சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்துவைத்திருப்பவை கீழே கிடைமட்டமாகப் போகும் கைகள். லோயர் ஆர்ம் என்பது அதில் முக்கியமானது. இந்தக் கை பாடியோடு இணையும் இடத்தில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் புஷ்.

பலரும் இதைக் கதவுக் கீல் போலச் சுழலும் இணைப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது சுழல்வதில்லை. வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிப்போன ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பாடியோடு பிணைந்துவிடும். கை மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கிறது.

இதில் இரண்டு வகையில் கோளாறு வரும். ரப்பர் கிழிந்தால் கை ஆட இடம் கிடைத்துவிடும். மேடுபள்ளத்தில் 'டக்டக்' சத்தம், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஓரம் தேய்வது எல்லாம் அதன் விளைவு. கிழியாமல் காய்ந்து இறுகினால் சத்தம் பெரிதாக வராது. ஆனால் சின்னச்சின்ன அதிர்ச்சிகள் நேராக உள்ளே வரும்.

மூன்றாவது வகை மனிதக் கையால் உண்டாவது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை முடிந்து வந்த வண்டி முன்பைவிட விறைப்பாக இருப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம். லிஃப்டில் வண்டியைத் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை முழுமையாக இறுக்கினால், ரப்பர் தொங்கும் நிலையைத்தான் தன் இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் கை மேலே ஏறும், ரப்பர் முறுக்கேறும். இனி வண்டி சும்மா நிற்கும்போதே புஷ் முறுகிய நிலையில் இருக்கும். பள்ளத்தில் இன்னும் முறுக வேண்டியிருப்பதால் விறைத்துக்கொள்ளும். சில மாதங்களில் கிழிந்தும் போகும். சரியான முறை: போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் வந்த பிறகு இறுதியாக இறுக்குவது. பெரும்பாலான தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேடுகளும் இதையே சொல்கின்றன.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ் அதிக நாள் உழைக்கும் என்று சிபாரிசு செய்வார்கள். உழைக்கும்தான். ஆனால் அது ரப்பரைவிடக் கடினமானது. வேகமாக வளைவெடுப்பவர்களுக்கு அது பொருந்தலாம், குத்தல் தாங்காமல் வந்தவருக்கு ரப்பரே போதும்.

சுருக்கமாக: புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. ஆகவே எந்த நிலையில் அதை இறுக்கினார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

நீங்களே பார்க்கக்கூடியவை

வண்டியின் ஒரு மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். விட்டதும் ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் இதில் தோற்றால்தான் நம்ப வேண்டும், ஜெயித்தால் நம்பக் கூடாது. கையால் அமுக்கும் வேகம் மிகக் குறைவு. சாலையில் ஷாக் பார்க்கும் வேகத்துக்கு அது ஈடாகாது. பாதி தேய்ந்த ஷாக்கும் இதில் எளிதாகத் தேறிவிடும்.

ஷாக்கின் உடலைப் பாருங்கள். மெல்லிய ஈரப்படலத்தில் தூசி ஒட்டியிருப்பது சாதாரணம். ஆயில் வழிந்து கீழ்ப்பகுதி வரை நனைந்திருந்தால் சீல் போய்விட்டது. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். மேடும் குழியுமாக அலையலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் அழுந்தி ஓடாமல் குதித்திருக்கிறது. தளர்ந்த ஷாக் அல்லது பேலன்ஸ் கோளாறு அதற்குக் காரணம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

சமதரையில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பாடித் தகடு) விளிம்பு வரை அளவெடுங்கள். இடமும் வலமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் உடையும், தூசிக்கு நடுவே சட்டெனக் கண்ணில் படாது. டார்ச் அடித்து நுனி வரை பார்க்க வேண்டும்.

சத்தமும் உதவும். மெதுவாகப் போகும்போது சிறு குழிகளில் 'கட கட' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கை முதலில் பாருங்கள். வளைவில் வண்டி சாயாமல் இருக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனையில் இருக்கும் சிறு இணைப்பு அது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுகித் தெறிக்கும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்டின் பேரிங். மெல்ல ஏறி இறங்கும்போது 'கீச்' என்றால் காய்ந்த ரப்பர். பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி என்றால், பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் போவதும் குத்தலுக்கு ஒரு காரணம்.

இருக்கையையும் மறந்துவிட வேண்டாம். பதினைந்து வருட நுரை அமுங்கித் தட்டையாகியிருந்தால், சஸ்பென்ஷன் புத்தம்புதிதாக இருந்தாலும் முதுகு வலிக்கும். பின்னால் உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறது, ஓட்டுநர் இருக்கையில்தான் குத்துகிறது என்றால் அங்கே தேடுங்கள்.

இதோடு ஓட்டக் கூடாது

குத்தலைப் பொறுத்துக்கொண்டு சில மாதம் ஓட்டலாம். இரண்டு கோளாறுகளோடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. ஒன்று, பால் ஜாயின்ட்டில் பிளே, அதாவது தேய்ந்து தளர்ந்த ஆட்டம். லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குண்டு மூட்டு அது. கழன்றால் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். இன்னொன்று, உடைந்த ஸ்பிரிங். அதன் கூர்முனை டயரைக் கிழிக்கலாம்.

அடியில் பார்க்கும் ஆர்வத்தில் ஜாக்கி மட்டும் கொடுத்த வண்டிக்குக் கீழே தலையை நீட்ட வேண்டாம். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையையும் வீட்டில் தொட வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லும் விசை அதில் இருக்கிறது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

"ஷாக்கை மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். எப்போது, எப்படிப்பட்ட சாலையில், எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைச் சொல்லுங்கள். "சின்னக் குழியில் முன்னாடி இடது பக்கம் டக்குனு ஒரு சத்தம், பெரிய மேட்டில் ஒன்றும் இல்லை" என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். முடிந்தால் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சாலையில் ஓட்டிக் காட்டுங்கள்.

ஷாக்கோ ஸ்பிரிங்கோ மாற்றினால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பம்ப் ஸ்டாப் புதிதாகப் போட்டார்களா, புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினார்களா என்று கேளுங்கள். ஆர்ம், ஸ்ட்ரட் எதைக் கழற்றியிருந்தாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.